உப்புவெளி விடுதித் தளத்தின் 58 இணைப்புகள்: எதை வைத்தோம், எதை எடுத்தோம், எதை மாற்றிக்கொண்டோம்

திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் ஏழு அறைகள் கொண்ட ஒரு விடுதியின் இணையத்தளத்தைச் சீர்செய்த வேலையின் பதிவு இது. வேலை நடந்தது மாசி மாதத்தில். வாடை ஓய்ந்து, கடல் இன்னும் முழுதாக அடங்காமல், அறைகள் பாதிக்குமேல் காலியாகக் கிடக்கும் வாரங்கள்தான் இதற்குத் தோது. சித்திரை பிறந்தால் விடுதிக்காரருக்கு நிமிர நேரம் இராது. தளம் வேர்ட்பிரஸில் ஓடுகிறது. தமிழும் ஆங்கிலமுமாக 14 பக்கங்கள். அவற்றில் ஒன்றின் பெயர் 'நட்புத் தளங்கள்'. யார் கேட்டாலும் 'நீங்கள் எங்களைப் போடுங்கள், நாங்கள் உங்களைப் போடுகிறோம்' என்று பத்து வருடத்துக்கு மேலாகச் சேர்த்ததில் அந்தப் பக்கத்தில் 58 இணைப்புகள் குவிந்திருந்தன. மின்னஞ்சல் பெட்டியில் பதில் போகாத புதிய கோரிக்கைகள் ஆறு.

முடிவெடுக்க ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டோம். அவர்கள் நமக்கு எதுவும் தராவிட்டாலும், நமது விருந்தினர் ஒருவருக்காக இந்த இணைப்பைப் போடுவோமா? ஓம் என்றால் போடலாம். அவர்களும் அதே காரணத்துக்காக நம்மைப் போட்டால் அது நல்ல மாற்று. இல்லை என்றால் திரும்ப எது கிடைத்தாலும் போடுவதில்லை. கேட்க எளிய கேள்வி. 58 தடவை கேட்டு நேர்மையாக விடை எழுத இரண்டரை நாள் எடுத்தது.

உயிரோடு இருப்பவை எவை

முதலில் ஒரு எக்ஸெல் தாள். எட்டு நிரல்கள்: முகவரி, தொழில், சேவையகம் தந்த குறியீடு, கண்ணால் பார்த்தது, நமக்குத் திரும்ப இணைப்பு உண்டா, எந்தப் பக்கத்தில், எந்தச் சொல்லில், முடிவு. நான்காவது நிரலை யாரும் விட்டுவிடக்கூடாது. ஏனென்று கீழே வரும்.

இணைப்புகளைச் சோதிக்கும் மென்பொருள் எதுவானாலும், இரண்டு வேண்டுகோள்களுக்கு இடையே ஒரு விநாடியாவது இடைவெளி வையுங்கள். சிறிய விடுதிகள், படகுக்காரர்களின் தளங்கள் பெரும்பாலும் ஒரே சேவையகத்தைப் பலர் பங்குபோடும் மலிவான இடங்களில் இருக்கும். அடுத்தடுத்துத் தட்டினால் அந்தச் சேவையகம் நம்மைத் தாக்குபவர் என்று எண்ணி 403 அல்லது 429 குறியீட்டைத் திருப்பி அனுப்பும். முதல் ஓட்டத்தில் இடைவெளி வைக்காததால், நல்ல நிலையில் இருந்த நான்கு தளங்கள் 'செத்தவை' என்று தாளில் ஏறின. உலாவியில் திறந்தபோது நான்கும் ஒழுங்காக வந்தன. இயந்திரம் சொன்னதை மட்டும் நம்பி எந்த இணைப்பையும் அழிக்காதீர்கள்.

திருத்திய கணக்கு இது. 17 இணைப்புகள் திறக்கவே இல்லை: 404 (பக்கம் இல்லை), 410 (பக்கம் நிரந்தரமாக நீக்கப்பட்டது), அல்லது முகவரியே இல்லை. 9 இணைப்புகள் 301 (நிரந்தரத் திசைமாற்றம்) மூலம் வேறு முகவரிக்குப் போயின. பெரும்பாலும் எச்டிடிபி முகவரி பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் ஆனதும், பெயரில் சிறு மாற்றமும்தான். இவற்றைப் புதிய முகவரிக்கு மாற்றி எழுதினால் போதும். 26 நேராகத் திறந்தன. மீதி 6 தான் ஆபத்தானவை.

அந்த ஆறும் 200 என்ற குறியீட்டைத் தந்தன. அதாவது 'எல்லாம் நலம்'. திறந்து பார்த்தால் இரண்டில் சூதாட்ட விளம்பரம், ஒன்றில் மருந்து விற்பனை, மூன்றில் 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்ற வெற்றுப் பக்கம். நடந்தது இதுதான். சொந்தக்காரர் வருடக் கட்டணம் கட்டாமல் விட்டார், பெயர் காலாவதியானது, பழைய தளங்களிலிருந்து அந்தப் பெயருக்கு இன்னும் இணைப்புகள் வருவதைப் பார்த்து வேறொருவர் அதை வாங்கிக்கொண்டார். இப்படிப் பழைய பெயரின் நற்பெயரை வாங்கி மலினமான உள்ளடக்கத்தை நிரப்புவதை, 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பாம் கொள்கையில் தனிக் குற்றமாகவே சேர்த்தது. நமக்கு அதைவிட நேரடியான பாதிப்பு ஒன்று உண்டு. குடும்பத்தோடு வரத் திட்டமிடும் ஒருவர் 'முத்துப் படகுச் சவாரி' என்று எண்ணி அழுத்த, கைத்தொலைபேசியில் சூதாட்டப் பக்கம் திறக்கிறது. அந்த நொடியில் அவர் நம்பிக்கை இழப்பது இந்த விடுதியின் மேல்தான். நான்காவது நிரல் இதற்காகத்தான். குறியீடு எதுவாக இருந்தாலும் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

தமிழ் முகவரிகளில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. '.இலங்கை' என்று முடியும் பெயர்களையும் பதியலாம். நாம் தமிழில் பார்ப்பது, பின்னணியில் எக்ஸ்என் என்று தொடங்கும் ரோமன் எழுத்துக் கோவையாகத்தான் ஓடுகிறது. பழைய சோதனைக் கருவிகள் தமிழ் வடிவத்தைக் கண்டால் பிழை என்று சொல்லும். இரண்டு வடிவத்திலும் சோதித்த பிறகே முடிவு எழுதுங்கள். பக்க முகவரியைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. இணைப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு. விழுக்காட்டுக் குறியோடு எழுதும்போது ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. வேர்ட்பிரஸ் பக்கப் பெயருக்கு ஒதுக்கும் இடம் 200 எழுத்து. ஆகவே 22 குறிகளுக்குமேல் போகும் தமிழ்த் தலைப்பு நடுவில் வெட்டப்படும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால் 'திருகோணமலையில் பார்க்க வேண்டியவை' போன்ற சாதாரணத் தலைப்பே அளவைத் தாண்டிவிடும். இப்படிப்பட்ட முகவரியை ஒருவர் வட்ஸ்அப்பில் நகலெடுத்து அனுப்பும்போது வால் விடுபட்டால் இணைப்பு செத்துவிடும். இணைப்பு மாற்றிக்கொள்ள முன் நமது பக்கங்களின் பெயர்களைக் குறுக்கிவிடுவது நல்லது. 'பார்க்க', 'வருவதற்கு' போன்ற ஒற்றைச் சொல் போதும். பழைய நீண்ட முகவரியிலிருந்து புதியதற்கு 301 வைக்க மறக்க வேண்டாம்.

திரும்ப வரும் இணைப்பு உண்மையானதா

உயிரோடு இருந்த 35 தளங்களில் எத்தனை நமக்குத் திரும்ப இணைப்புத் தருகின்றன என்று பார்த்தோம். தளச் சொந்தக்காரருக்குக் கூகுள் தரும் இலவசக் கருவியான சேர்ச் கொன்சோலில் 'இணைப்புகள்' என்ற பகுதியில் நமக்கு இணைப்புத் தரும் தளங்களின் பட்டியல் கிடைக்கும். அதைத் தரவிறக்கி எக்ஸெல் தாளோடு ஒப்பிடலாம். அந்தப் பட்டியல் முழுமையானதல்ல. அதில் பெயர் இல்லை என்பதற்காக இணைப்பே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். நேரே அவர்களுடைய பக்கத்தைத் திறந்து, மூலக் குறியீட்டில் நமது பெயரைத் தேடுவதுதான் சரியான வழி.

தேடும்போது ஐந்து விடயங்களைப் பாருங்கள். இணைப்பின் குறியீட்டிலுள்ள ரெல் பண்பில் 'நோஃபாலோ' (இந்த இணைப்பைப் பரிந்துரையாக எண்ணாதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி) இருக்கிறதா? பக்கத்தின் தலைப்பகுதியில் 'நோஇண்டெக்ஸ்' (தேடலில் காட்டாதே என்ற குறி) இருக்கிறதா? தேடுபொறிகள் எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் அந்தப் பக்கம் தடுக்கப்பட்டிருக்கிறதா? அவர்களுடைய முகப்பிலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போக வழி இருக்கிறதா? பக்கத்தின் கனானிக்கல், அதாவது மூலப் பக்கம் எது என்று சொல்லும் குறி, வேறு எங்காவது காட்டுகிறதா? இவற்றில் நான்காவது கண்ணில் எளிதில் படாது. இணைப்புப் பக்கம் ஒன்றை உண்டாக்கி, முகவரியை நமக்கு அனுப்பி, தமது தளத்தின் எந்தப் பட்டியலிலும் அதைச் சேர்க்காமல் விடுவார்கள். நாம் திறந்தால் நமது பெயர் அழகாக இருக்கும். அவர்களுடைய வாசகர் எவரும் அதை ஒருநாளும் காணமாட்டார்.

35இல் 12 ஒழுங்கான இணைப்புத் தந்தன. 8 மேலே சொன்ன ஏதோவொரு வகையில் மறைத்து வைத்திருந்தன. 15 எதுவும் தரவில்லை.

இந்த இடத்தில் பலர் செய்யும் பிழை, தராத 15ஐயும் உடனே எடுத்துவிடுவது. இந்தப் பதினைந்தில் ரயில் நேர அட்டவணை, வனசீவராசிகள் திணைக்களம், வளிமண்டலவியல் திணைக்களம் ஆகியவற்றின் தளங்களும் இருந்தன. அரச திணைக்களம் ஏழு அறை விடுதிக்கு இணைப்புத் தராது, தரவும் தேவையில்லை. ஆனால் கொழும்புக்குப் போகும் இரவு ரயில் எத்தனை மணிக்கு என்று நமது பக்கத்தில் எழுதிவைத்தால், நேரம் மாறும் நாளில் ஒரு விருந்தினர் நிலையத்தில் தவித்து நிற்பார். நேரத்தை எழுதாமல் அட்டவணைக்கு இணைப்புப் போடுவதே முறை. நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே போக நுழைவுச் சீட்டு வேண்டும். அதை வழங்கும் திணைக்களத்துக்கு இணைப்புக் கொடுப்பது நமது கடமை. அந்தப் பதினைந்தில் 5 நின்றன. மாறாக, ஒழுங்காகத் திரும்ப இணைப்புத் தந்த பன்னிரண்டில் 5 நீக்கப்பட்டன. வெளிநாட்டு வீட்டுக் கடன் தளம் ஒன்று, கண்ணாடி விற்கும் தளம் ஒன்று, 'உலக விடுதி அடைவு' என்ற பெயரில் மூன்று. அவர்கள் பேச்சுத் தவறவில்லை. ஆனால் உப்புவெளிக்கு வருபவருக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை. மறைத்து வைத்திருந்த எட்டில் 2 நின்றன: யாழ்ப்பாணத்து விடுதி ஒன்றும் மட்டக்களப்பு விடுதி ஒன்றும். ஏ15 நெடுஞ்சாலை வழியே மட்டக்களப்புக்குப் போகிறவர்கள் அங்கே எங்கே தங்குவது என்று கேட்டபடிதான் இருக்கிறார்கள். மட்டக்களப்பு விடுதியின் நோஃபாலோ அந்தத் தளத்தின் நீட்சி (பிளகின்) ஒன்று தானாகச் சேர்த்தது, சொன்னவுடன் எடுத்துவிட்டார்கள்.

ஏன் இந்தப் பழக்கம் வந்தது, ஏன் கெட்டது

1998இல், கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் முன்வைத்த பேஜ்ராங்க் முறை, ஒரு தளத்துக்கு வரும் இணைப்புகளைப் பரிந்துரைகளாக எண்ணியது. ஒரு பக்கத்தின் மதிப்பு, அது வெளியே தரும் இணைப்புகளுக்குப் பங்காகிப் போகும். 58 இணைப்புள்ள பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 58இல் ஒரு பங்கு. அதுவும் அந்தப் பக்கத்துக்கே யாரும் இணைப்புத் தராவிட்டால் பங்குபோட ஒன்றுமில்லை. பழைய கூகுள் கருவிப்பட்டையில் பச்சைக் கோடாகத் தெரிந்த இந்த மதிப்பின் எண்ணைப் பார்த்துப் பார்த்தே எல்லோரும் மாற்றிக்கொண்டார்கள். 2012 ஏப்ரல் 24இல் வந்த, கூகுள் தன் தேடலில் செய்த பென்குயின் மாற்றம், இணைப்பால் ஏமாற்றும் தளங்களைப் பின்னுக்குத் தள்ளியது. 2016இல் கருவிப்பட்டையின் அந்த எண்ணும் நிறுத்தப்பட்டது. இன்று கூகுளின் கொள்கை தடுப்பது அளவுக்கு மீறிய மாற்றுகளையும், மாற்றுக்காக மட்டுமே உண்டாக்கிய பக்கங்களையும். அடுத்தடுத்த தெருவில் இருக்கும் இரண்டு தொழில்கள் ஒன்றையொன்று சுட்டுவதை அது தடுக்கவில்லை. நமது 'நட்புத் தளங்கள்' பக்கம் அந்தத் தடைக்குள் நேராக விழுந்தது. நிலாவெளிச் சுழியோடல் நிலையத்தை நமது கடற்கரைப் பக்கத்தில் ஒரு வசனத்துக்குள் சுட்டுவது அதில் விழாது.

மற்ற நிறுவனங்கள் விற்கும் 'தள அதிகாரம்' என்ற 100க்குள்ளான எண்களை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அவை கூகுளின் எண்கள் அல்ல. நமது விருந்தினருக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை.

ஆறு கோரிக்கைகள்

நிலாவெளியில் சுழியோடல் கற்றுக்கொடுக்கும் நிலையம். நமது விருந்தினரில் கணிசமானோர் புறாத்தீவுக்குப் போகிறவர்கள். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். அவர்களிடம் வருபவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். இரண்டு பக்கமும் தேவை உண்மையானது. ஆனாலும் அவர்களுடைய தளத்தில் ஒன்றைத் தேடினோம்: பவளப்பாறையில் காலூன்றி நிற்காதே, துடுப்புக் காலணியால் உதைக்காதே என்று எங்காவது எழுதியிருக்கிறார்களா? இருந்தது, நுழைவுச் சீட்டு விவரத்தோடு. இல்லாவிட்டால் முதலில் அதை எழுதச் சொல்லியிருப்போம். புறாத்தீவின் பவளம் போய்விட்டால் இந்தக் கரையில் யாருக்கும் தொழில் இல்லை. ஆகவே ஓம். ஒரு நிபந்தனை மட்டும்: தளத்தில் இன்னும் போன பருவத்து விலை கிடந்தது. அது மாறிய பிறகுதான் இணைப்பு.

உணவட்டுனவில் ஒரு விடுதி. முதலில் 'அது எங்கே, இது எங்கே' என்றுதான் தோன்றியது. பருவத்தை நினைத்தால் விடை மாறும். நமக்குக் கடல் நல்லாக இருப்பது ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. தென்மேற்குக் கரைக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை. டிசம்பரில் அறை கேட்டு எழுதுபவரிடம் 'மழை, கடல் அடிக்கும்' என்று சொல்லி விடுவதோடு நின்றால் அவருக்கு அரை விடைதான். 'எப்போது வரலாம்' என்ற நமது பக்கத்தில் இந்த விடுதிக்கு ஒரு வசனம் பொருந்தும். அவர்களுடைய பக்கத்தில் ஜூலையில் எங்கே போவது என்பதற்கு நாம் பொருந்துவோம். இருவரும் ஒரே வாடிக்கையாளருக்குப் போட்டியிடுவதும் இல்லை. இந்தத் தாளில் ஆகச் சிறந்த மாற்று இதுதான். அறுகம்பையிலிருந்து இதே கோரிக்கை வந்திருந்தால் இந்தக் காரணம் செல்லாது. அவர்களுக்கும் நமக்கும் பருவம் ஒன்று.

ஓட்டோ ஓடும் ஒருவரின் ஒற்றைப் பக்கத் தளம். கன்னியா வெந்நீர்க் கிணறு, கோணேசர் கோயில், தம்பலகாமம் ஆதி கோணேஸ்வரம், ஒவ்வொன்றுக்கும் போய்வரக் கட்டணம் எழுதியிருக்கிறார். எந்தப் பெரிய தளத்திலும் இல்லாத தகவல் அது. அழைத்துப் பார்த்தோம், எடுத்தார், எழுதிய கட்டணமும் சொன்ன கட்டணமும் ஒன்று. ஓம்.

மீதி மூன்றும் இல்லை. ஒன்று மும்முனை மாற்று: 'நீங்கள் எங்கள் முதல் தளத்துக்குத் தாருங்கள், நாங்கள் இரண்டாவது தளத்திலிருந்து உங்களுக்குத் தருகிறோம்.' மாற்று நடப்பதை மறைப்பதைத் தவிர இந்தச் சுற்றுக்கு வேறு நோக்கமே இல்லை. நல்ல காரணத்துக்குப் போடும் இணைப்பை மறைக்க வேண்டியதில்லை. மற்றொன்று, மாதம் பணம் தருவதாகச் சொல்லி எல்லாப் பக்கங்களின் அடியிலும் ஓர் இணைப்புக் கேட்டது. இணைப்புச் சொல்லும் அவர்களே தந்தார்கள், 'மலிவு விலை இலங்கைச் சுற்றுலா' என்று. பணம் வாங்கினால் ரெல் பண்பில் 'ஸ்பான்சர்ட்' என்று போட வேண்டும். கூகுள் அந்தக் குறியை 2019 செப்டெம்பரில் அறிமுகப்படுத்தியது. அப்படிப் போடுகிறோம் என்று எழுதியவுடன் அவர்கள் விலகிக்கொண்டார்கள். அவர்கள் வாங்க வந்தது வாசகரை அல்ல என்பது அதில் தெரிந்தது. மூன்றாவது திமிங்கிலம் பார்க்கும் படகுச் சேவை. தொழில் பொருத்தம், இடம் பொருத்தம், எழுத்தும் நன்று. ஆனால் முகப்பிலேயே திமிங்கிலங்களோடு நீந்தலாம் என்று படம். மூச்சு வாங்க மேலே வரும் விலங்கைச் சுற்றி வளைத்து மனிதரை இறக்குவதற்கு நமது விருந்தினரை அனுப்ப மாட்டோம். காரணத்தை மறைக்காமல் எழுதி அனுப்பப்பட்டது.

புதியவரைச் சோதிக்கப் பத்து நிமிடம்

கோரிக்கை அனுப்பியவரின் தளத்தைக் கணினியில் பாராமல் கைத்தொலைபேசியில் திறவுங்கள். நமது விருந்தினர் பார்ப்பது அதில்தான். அவர்கள் இணைப்புத் தரப்போகும் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் வெளி இணைப்புகள் முப்பது, நாற்பது என்று வரிசையாக இருந்தால் நாம் நாற்பத்தொன்றாவது ஆள். தளத்தின் பழைய வடிவத்தை வேபேக் மெஷினில் பாருங்கள்: ஐந்து வருடத்துக்கு முன் வேறொரு மொழியில் வேறொரு தொழிலாக இருந்தால், அது காலாவதியாகிக் கைமாறிய பெயர். கூகுளில் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடிப் பாருங்கள். ஒரு பக்கம்கூட வராவிட்டால், அது மிகப் புதியது, அல்லது தானே தடுத்திருக்கிறது, அல்லது நீக்கப்பட்டிருக்கிறது. எதுவென்று கேட்டுத் தெளிந்த பிறகே மேலே போகலாம். கடைசியாகத் தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள். மற்ற எல்லாச் சோதனையையும்விட இதில் கழிந்த தளங்கள்தான் அதிகம்.

எங்கே, எந்தச் சொல்லில்

இணைப்புக்கு ஒரு வசனம் கிடைக்கவில்லை என்றால் அந்த இணைப்புக்கு இடமில்லை. 'புறாத்தீவுக்குப் படகில் போகும்போது முக்குளிக் கண்ணாடி வாடகைக்கு எடுக்க, நிலாவெளியில் உள்ள இந்த நிலையத்தில் காலை ஏழுக்கு முன் சொல்லிவையுங்கள்' என்று எழுதும்போது இணைப்புத் தானாகத் தன் இடத்தில் உட்காரும். இணைப்புச் சொல்லாக அவர்களுடைய பெயரை, அல்லது அங்கே கிடைப்பதைச் சொல்லும் இரண்டு மூன்று சொற்களை வையுங்கள். 'இங்கே அழுத்தவும்' வேண்டாம். அவர்கள் எழுதித் தரும் விளம்பரச் சொற்றொடரும் வேண்டாம்.

பழைய பக்கத்தில் 88க்கு 31, 468க்கு 60 அளவிலான பதாகைப் படங்கள் 23 இருந்தன. அவற்றில் பாதி மற்றவர்களின் சேவையகத்திலிருந்து நேரே இழுக்கப்பட்டவை. அந்தச் சேவையகம் செத்தால் நமது பக்கம் அதற்காகக் காத்து நிற்கும்; எச்டிடிபி முகவரியாக இருந்தால் உலாவி எச்சரிக்கை காட்டலாம், அல்லது படத்தையே காட்டாமல் விடலாம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் எழுத்து இணைப்பாக்கினோம்.

புதிய தாவலில் திறக்கும் அமைப்பையும் நீக்கினோம். வேர்ட்பிரஸின் பழைய பதிப்புகள் அப்படிப்பட்ட இணைப்புகளுக்கு 'நோரெஃபரர்' என்ற குறியைத் தாமாகச் சேர்த்தன. அது இருந்தால் விருந்தினர் எங்கிருந்து வந்தார் என்பது மற்றத் தளத்துக்குத் தெரியாது. 'நீங்கள் ஒருவரையும் அனுப்பவில்லையே' என்று மட்டக்களப்பு விடுதிக்காரர் குறைப்பட்டதற்குக் காரணம் இதுதான். ஆட்கள் போயிருக்கிறார்கள், அவருடைய கணக்கில் 'நேரடி வருகை' என்று விழுந்திருக்கிறது. மாற்று செய்யும் இருவரும் முதல் நாளே இந்தக் குறியைப் பார்த்துக்கொண்டால் வீண் மனத்தாங்கல் வராது. நமது பக்கத்திலிருந்து எத்தனை பேர் வெளியே போகிறார்கள் என்பதற்கு, கூகுள் அனலிட்டிக்ஸ் 4இல் மேம்பட்ட அளவீட்டை இயக்கினால் வெளியேறும் சொடுக்குகள் தனியே பதிவாகும்.

தளத்தில் அறை நிரம்பிய நாட்களுக்கென்று ஒரு சிறு பகுதி சேர்த்தோம்: அயலில் உள்ள இரண்டு விடுதிகளுக்கு இணைப்பு. போட்டியாளருக்கு ஏன் என்று விடுதிக்காரர் தயங்கினார். ஓகஸ்டில் அறை இல்லாதபோது அவரே தொலைபேசியில் அந்த இரண்டு இடங்களுக்கும் ஆள் அனுப்புகிறவர்தான். அவர்களும் இங்கே அனுப்புகிறார்கள். நடைமுறையில் இருக்கும் உறவைத் தளம் காட்டினால் போதும்.

பிசகியவை

'நட்புத் தளங்கள்' பக்கத்தை அழிக்க முன், அந்தப் பக்கத்துக்கே வெளியிலிருந்து இணைப்பு வருகிறதா என்று சேர்ச் கொன்சோலில் பார்த்தோம். வந்தது. ஆகவே 410 கொடுக்காமல், 'சுற்றுப்புறம்' பக்கத்துக்கு 301 வைத்தோம். நின்ற இணைப்புகளில் அதிகமானவை அங்கேதான் குடியேறின. முதல் முயற்சியில் விதியைத் தளர்வாக எழுதியதால், அதே சொல்லில் தொடங்கும் 'நட்பு விலை' என்ற விலைக்கழிவுப் பக்கமும் சேர்ந்து திசைமாறியது. விதியின் முடிவில் முகவரி முடியும் குறியைச் சேர்த்ததும் சரியானது. 301 வைத்த கையோடு, தொடர்பில்லாத இரண்டு மூன்று பக்கங்களையாவது திறந்து பாருங்கள்.

தற்காலிகச் சேமிப்பு நீட்சி பக்கங்களின் பழைய அடிப்பகுதியை மூன்று நாள் காட்டிக்கொண்டிருந்தது. உள்நுழைந்த நிலையில் பார்த்தால் புதியது தெரியும், வெளியாளுக்குப் பழையது. சேமிப்பைத் துடைத்துவிட்டு, வேறொரு கைத்தொலைபேசியில், வைஃபை இல்லாமல் பார்க்க வேண்டும்.

சொல்லாமல் எடுத்தது இன்னொரு பிசகு. திருகோணமலை சின்ன ஊர். தளத்தில் பெயர் போனது சந்தையில் மீன் வாங்கும்போது தெரிந்துவிடும். உள்ளூர்க்காரருக்கு மின்னஞ்சல் போதாது. அழைத்து, அல்லது குரல் செய்தியில், இந்த அளவில் சொன்னால் போதும்: 'அண்ணை, உங்கட பழைய வெப்சைட் பேர் இப்ப வேற ஆளிட்டப் போயிட்டுது, சூதாட்டப் பக்கம் திறக்குது. அதால லிங்க்கை எடுத்திட்டம். பேஸ்புக் பக்கம் இருந்தா அனுப்புங்கோ, அதைப் போடுறம்.' தன் பெயர் கைமாறியதே பலருக்கு இதைக் கேட்டுத்தான் தெரிய வந்தது. வெளியூர்த் தளங்களுக்கு இரண்டு வரி மின்னஞ்சல்: எந்த நாளில் எடுத்தோம், ஏன், அவர்கள் விரும்பினால் நமது இணைப்பையும் எடுத்துக்கொள்ளலாம்.

நமக்கு வரும் மோசமான இணைப்புகளை மறுக்கும் கருவியைத் தொடவில்லை. சேர்ச் கொன்சோலில் கைமுறை நடவடிக்கை (கூகுள் ஊழியர் பார்த்து விதிக்கும் தண்டனை) எதுவும் இல்லாதபோது அதற்குத் தேவை இல்லை. அவசரத்தில் நல்ல தளத்தின் பெயரும் கோப்பில் ஏறிவிடும்.

தாளில் இப்போது

14 பழைய இணைப்புகள் நின்றன, மூன்று புதியவை சேர்ந்தன, அயல் விடுதிகள் இரண்டு: மொத்தம் 19, ஆறு பக்கங்களில் பரவலாக. தாளில் ஒன்பதாவது நிரல் சேர்க்கப்பட்டது: கடைசியாகக் கண்ணால் பார்த்த நாள். வருடத்தில் இரண்டு முறை சுற்றிவர வேண்டும், பங்குனிக் கடைசியிலும் ஐப்பசியிலும். பங்குனியில் விலையும் தொலைபேசி எண்ணும்; ஐப்பசியில் மூடிவிட்டுப் போனவர்கள் எவர் என்பது. ஒரு சுற்றுக்கு ஒரு மணித்தியாலம் போதும், 58 அல்ல 19 என்பதால்.

19இல் ஒன்று இன்னும் வெளியே தெரியாமல் வரைவில் இருக்கிறது. நிலாவெளி நிலையம் புதுப் பருவத்து விலையைப் போட்டவுடன் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறது.